தேவ சித்தம் தெளிவாத் தெரியாத நேரத்தில முடிவெடுக்கிறது எப்பிடி? (வாக்குத்தத்த அட்டை, அடையாளம், ஆலோசனை, காத்திருப்பு)

வடலிக்கரை

சபை இளைஞர் கூட்டத்தில மூண்டு கிழமைக்கு இந்தத் தலைப்பில பாடம் வைக்க வேணும். கேக்கப்போற கேள்விகள் முன்னமே தெரிஞ்சதுதான். படிப்பு விசாவில வெளிக்கிடுறதோ, இஞ்ச நிண்டு ஒரு வேலை பார்க்கிறதோ? பேசி வந்த சம்பந்தத்துக்கு ஓம் சொல்லுறதோ? ஊழியத்துக்குப் படிக்கப் போறதோ?

"ஜெபியுங்கோ, ஆண்டவர் வழிநடத்துவார்" எண்டு சொல்லி அனுப்பலாம். ஆனா அடுத்த நாள் காலமை எழும்பி அந்தப் பிள்ளை என்ன செய்யிறது? படிமுறை வேணும். எங்க பிழைக்குது, ஏன் பிழைக்குது எண்டதும் வேணும். ஆறுதல் வார்த்தை எங்களிட்டக் கனக்கக் கிடக்கு, அது வேண்டாம். கத்தோலிக்க, மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே ஆக்கள் எல்லாரும் எழுதுங்கோ.

கரவெட்டி மாஸ்டர்

தம்பி, முதல் வேலை கேள்வியை வகை பிரிக்கிறது. பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துபோகும்.

சில கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாச்சு. விசாவுக்குக் காட்டுறதுக்காக ஒரு மாசத்துக்கு ஆற்றையோ காசை வங்கிக் கணக்கில போட்டு, அது எங்கட காசு எண்டு கையெழுத்து வைக்கலாமோ எண்டு ஜெபிக்கத் தேவையில்லை. பொய்ச்சாட்சி பத்துக் கட்டளைக்குள்ள வருது. அதுக்கு "சமாதானம் கிடைச்சுது" எண்டு வந்து சொல்லுற ஆளைக் கவனமாப் பார்க்க வேணும்.

வேற சில கேள்விகள் எங்கட கையில விட்டது. 1 கொரிந்தியர் 7:39ல விதவையைப் பற்றிப் பவுல் சொல்லேக்கை, அவள் தனக்கு விருப்பமான ஆளைக் கட்டலாம், ஆனா அந்த ஆள் கர்த்தருக்குள்ள இருக்க வேணும் எண்டு வேலியைப் போட்டு, உள்ளுக்கு விடுதலை குடுக்கிறார். வேலிக்குள்ள ஆர் எண்டு வானத்தில எழுதித் தெரிய வேணும் எண்டு நிண்டால் முடி நரைக்கும்.

மிச்சம் கொஞ்சம்தான் உண்மையிலேயே பாரமான கேள்வி: ரண்டு வழியும் நல்லது, ரண்டும் ஆரையோ பாதிக்கும், பிறகு திரும்பி வரவும் கஷ்டம். உங்கட பாடத்தின்ர மூண்டு கிழமையும் இந்த வகைக்குத்தான் வேணும்.

இதுக்குள்ள நிக்கேக்கை சங்கீதம் 119:105ஐச் சரியா விளங்க வேணும். "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது." அந்தக் காலத்துத் தீபம் கைக்குள்ள அடங்கிற மண் விளக்கு. எங்கட சனத்துக்கு இது லேசா விளங்கும்: தொண்ணூறுகளில மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில ஜாம் போத்தல் விளக்கு வச்சிருந்த ஊர் இது. அதைக் கையில பிடிச்சுக்கொண்டு கிணத்தடிக்குப் போகலாம். கிணத்தடியில நிண்டு சந்தி தெரியுதோ எண்டு பார்க்க ஏலாது. ஆக்கள் கேக்கிறது ஏழு வருசத்துக்கு அங்கால என்ன நடக்கும் எண்டு. வசனம் தாறன் எண்டது அடுத்த அடிக்கு.

மானிப்பாய்ச் சந்தி

வாக்குத்தத்த அட்டையைப் (புது வருசத்துக்கெண்டு ஆளுக்கொண்டா எடுக்கிற வசன அட்டை) பற்றிக் கட்டாயம் ஒரு கிழமை ஒதுக்குங்கோ. மார்கழி 31 இரவு ஆராதனை முடிய எடுத்துக்கொண்டு போய் வேதாகமத்துக்குள்ள வைக்கிறதில பிழை இல்லை. தை மாசம் பத்தாந்திகதி அதை வச்சு விசாவுக்குக் காசு கட்டுறதுதான் பிழை.

ஆகக் கூட அடிபடுற வசனம் எரேமியா 29:11. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில பத்தாம் வசனம் வராது. பத்தில எழுபது வருசம் எண்டு இருக்கு. பாபிலோனுக்குச் சிறையாப் போன ஆக்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அஞ்சாம் வசனத்தில இருந்து வாசிச்சால் வீடு கட்டுங்கோ, தோட்டம் போடுங்கோ, பிள்ளையளுக்குக் கலியாணம் கட்டி வையுங்கோ, இருக்கிற ஊரின்ர சமாதானத்தைத் தேடுங்கோ எண்டு வரும். முந்தின அதிகாரத்தில அனனியா எண்ட தீர்க்கதரிசி ரண்டு வருசத்தில எல்லாம் திரும்பும் எண்டு சொன்னார். சனத்துக்கு இனிச்ச வார்த்தை அதுதான், அதுதான் பொய்யும். அந்த வருசமே ஏழாம் மாதத்தில அவர் செத்துப்போனார். "இப்ப இல்லை" எண்டு கேட்ட சனத்துக்கு எழுதின கடிதத்தில இருந்து ஒரு வரியை வெட்டி எடுத்து "இப்பவே" எண்டு வாசிக்கிறம்.

இன்னொண்டு. கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வச்ச இடத்தை வாசிக்கிறது, கோயிலில பூக்கட்டிப் பார்க்கிறதின்ர கிறிஸ்தவப் பதிப்பு. குறிப்புப் பார்க்கிறதில்லை, பல்லி சொல்லுக்குப் பயமில்லை எண்டு பெருமையாச் சொல்லுகினம். விரல் வைக்கிறதை மட்டும் விடுகினமில்லை.

அரியாலைச் சகோதரி

அப்பிடி எல்லாத்தையும் பூக்கட்டிறதோட சேர்க்காதேங்கோ. ஆண்டவர் வசனத்தை எடுத்து ஒரு ஆளோட தனிப்படப் பேசுறார் எண்டதை மறுத்தால் ஜெபத்துக்கே அர்த்தமில்லை. திருவுளச்சீட்டும் வேதத்தில இருக்கு. அப்போஸ்தலர் 1:26ல யூதாசின்ர இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தவை?

கரவெட்டி மாஸ்டர்

சகோதரி, சீட்டுப் போட்டது உண்மை. எப்ப போட்டவை எண்டும் பாருங்கோ. யோவானின்ர ஞானஸ்நானம் தொடக்கம் பரமேறுதல் வரைக்கும் கூடவே திரிஞ்ச ஆளா இருக்க வேணும் எண்ட தகுதியை முதலில வச்சினம் (1:21, 22). அதில ரண்டு பேர் நிண்டினம். ஜெபிச்சுப்போட்டுச் சீட்டு. ஆராய வேண்டியதை ஆராஞ்சு முடிஞ்ச பிறகு சமமா நிண்ட ரண்டுக்கு நடுவில அது வந்தது. அதுவும் பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னம். ஆறாம் அதிகாரத்தில பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரியேக்கை சீட்டு இல்லை. நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் எண்டு தகுதியைச் சொல்லிச் சபையைத் தெரியச் சொல்லுகினம்.

எங்கட மெதடிஸ்த சபையின்ர தகப்பன் ஜோன் வெஸ்லியும் 1737ல ஜோர்ஜியாவில ஒரு கலியாண விசயத்துக்குச் சீட்டுப் போட்டவர். மூண்டு சீட்டு: கட்டு, இந்த வருசம் நினையாதே, இனி நினையாதே. மூண்டாவது வந்தது. பிறகு அந்தப் பிள்ளை வேற ஆளைக் கட்டின கையோட நடந்த பிரச்சினையள் வழக்கு வரைக்கும் போய், அவர் அந்த நாட்டை விட்டே வெளிக்கிட வேண்டி வந்தது. சீட்டு முடிவைத் தந்தது, மனத்தை ஒழுங்கு பண்ணேல்லை.

அரியாலைச் சகோதரி

சரி, சீட்டை விடுவம். தீர்க்கதரிசனத்தையும் அடையாளத்தையும் விடமாட்டன். ஆனா ஒழுங்கு வேணும் எண்டதை எங்கட பக்கத்து ஆக்கள்தான் கூடச் சொல்ல வேணும், அதால நானே எழுதுறன்.

"தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" எண்டு 1 தெசலோனிக்கேயர் 5:20. உடனே அடுத்த வசனம் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." சபையில ரண்டு மூண்டு பேர் பேசலாம், மற்றவை நிதானிக்க வேணும் (1 கொரிந்தியர் 14:29). நிதானிக்க ஆள் இல்லாத இடத்தில, போனில, தனிய, இரவு பதினொரு மணிக்கு வாற "கர்த்தர் உனக்குச் சொல்லுறார்" எண்டதுக்கு இந்த ஒழுங்கில இடமில்லை. அதுக்குள்ள காணிக்கைக் கணக்கிலக்கமும் சேர்ந்து வந்தால் மினக்கெடவே வேண்டாம்.

அப்போஸ்தலர் 20, 21ஐச் சேர்த்து வாசியுங்கோ. ஆவியில கட்டுண்டவனா எருசலேமுக்குப் போறன், அங்க என்ன நடக்கும் எண்டு அறியேன், கட்டுகளும் உபத்திரவமும் காத்திருக்கெண்டு மட்டும் தெரியும் எண்டு பவுல் சொல்லுறார் (20:22, 23). பிறகு தீருவில சீஷர்மார் ஆவியின் ஏவுதலால போகாதேங்கோ எண்டினம். செசரியாவில அகபு எண்ட தீர்க்கதரிசி பவுலின்ர கச்சையை எடுத்துத் தன்ர கையையும் காலையும் கட்டிக் காட்டுறார். அகபு சொன்னது நடக்கப்போற காரியம். "அதால போகாதேங்கோ" எண்டது சுத்தி நிண்டவையின்ர அன்பு. பவுல் முதலாவதை ஏற்றுக்கொண்டு ரண்டாவதை மறுத்திட்டார். எல்லாரும் கடைசியில "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" எண்டு அமர்ந்தினம். ஒரு தீர்க்கதரிசனம் வந்தால் இப்பிடிப் பிரிச்சு எழுதிப் பாருங்கோ: சொன்ன செய்தி என்ன, அதில இருந்து மனுசர் எடுத்த முடிவு என்ன. பிழைக்கிறது கூடுதலா ரண்டாவதிலதான்.

ஆட்தொகையும் கணக்கில்லை. யுத்தத்துக்குப் போகலாமோ எண்டு கேட்ட ஆகாப் ராசாவுக்கு முன்னால நானூறு தீர்க்கதரிசிமார் "போம்" எண்டினம், மிகாயா ஒருத்தர்தான் மாறிச் சொன்னவர் (1 இராஜாக்கள் 22).

பாசையூர்த் தோணி

"கதவு திறந்திட்டுது, அப்ப தேவ சித்தம்தான்" எண்ட கதைக்கு வாறன். நினிவேக்குப் போ எண்ட ஆண்டவரின்ர சொல்லை விட்டு ஓடின யோனா யோப்பாவுக்குப் போனவுடனே தர்ஷீசுக்குப் போற கப்பல் நிண்டது. கூலி குடுக்கக் கையில காசும் இருந்தது. எல்லாக் கதவும் திறந்துதான் கிடந்தது.

அப்போஸ்தலர் 27ஐ, பவுலைக் கைதியா ரோமாபுரிக்குக் கொண்டுபோற கப்பல் கதையை, கடல் தெரிஞ்ச ஆக்கள் வாசிச்சால் மயிர்க்கூச்செறியும். நோன்பு நாள் கழிஞ்சிட்டுது எண்டு எழுதியிருக்கு, அதாவது செப்டம்பர், ஒக்டோபர் தாண்டுது. எங்களுக்குச் சோழகம் முடிஞ்சு வாடை தொடங்கப்போற காலம் மாதிரி அந்தக் கடலுக்கும் மோசமான காலம். பவுல் வேண்டாம் எண்டார். நூற்றுக்கு அதிபதி ஆற்றை சொல்லைக் கேட்டார்? மாலுமியினதும் கப்பல் சொந்தக்காரனினதும். சொந்தக்காரனுக்குச் சரக்கு இறங்க வேணும். பிறகு "அநேகம்பேர்" போவம் எண்டினம். அதுக்குப் பிறகு "தென்றல் மெதுவாயடித்தபடியால், தாங்கள் கோரினது கைகூடிவந்ததென்று எண்ணி" வெளிக்கிட்டினம். நிபுணர் சொல்லு, பெரும்பான்மை, நல்ல காற்று, மூண்டும் ஒரு பக்கம் நிண்டுது. கொஞ்ச நேரத்தில யூரோக்கிலிதோன் எண்ட கடுங்காற்று அடிச்சுது. பதினாலு இரவு. 276 பேரும் தப்பிச்சினம், கப்பல் போச்சு. பவுலுக்கு ரோமாபுரிக்குப் போவாய் எண்டு வாக்கு முன்னமே இருந்தது (23:11). கப்பலைப் பற்றி வாக்கு ஒண்டும் இருக்கேல்லை.

பாடத்துக்கு எடுக்க வேண்டியது: தரகுக் காசு வாங்கிற ஆளின்ர புத்திமதியை ஆலோசனைக் கணக்கில சேர்க்கக் கூடாது. விசா முகவர், கலியாணத் தரகர், காணித் தரகர் எல்லாம் அந்தக் கப்பல் சொந்தக்காரன்தான். அவையிட்டத் தகவல் கேளுங்கோ, முடிவு கேளாதேங்கோ.

சில்லாலை மரியான்

கத்தோலிக்கப் பக்கத்தில் இதற்கு எழுதப்பட்ட முறை ஒன்று உண்டு. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள், 1548இல் அச்சானது. தேர்வு செய்வதற்கு மூன்று காலங்களை அவர் சொல்கிறார். ஐயத்துக்கே இடமில்லாத அழைப்பு ஒன்று. மத்தேயு சுங்கச் சாவடியை விட்டு எழுந்த மாதிரி. ஆறுதலும் (இறைவனில் மனம் மகிழும் நிலை) வறட்சியும் (செபத்தில் மனம் வறண்டுபோகும் நிலை) மாறிமாறி வந்து, அவற்றைக் கவனித்துக் கவனித்துத் தெளிவு பெறுவது இன்னொன்று. மூன்றாவது, மனம் எந்தப் பக்கமும் அலையாத அமைதியான காலம். பெரும்பாலான மனிதருக்கு மூன்றாவதுதான் கிடைக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் இறைவன் தரும் வழியே.

மூன்றாவது காலத்துக்கான படிகளை இளைஞர் கூட்டத்துக்கு ஏற்றபடி இப்படிச் செய்யலாம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "என் எதிர்காலம் என்ன" என்பது கேள்வி அல்ல. "இந்த ஆண்டு இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பதா, இல்லையா" என்பதுதான் கேள்வி. பிறகு தராசு முள் நடுவில் நிற்பது போல, எந்தப் பக்கம் காட்டினாலும் போகத் தயார் என்ற நிலைக்கு வரும்வரை செபிக்க வேண்டும். மிகக் கடினமான படி இதுதான். முள் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதை மறைக்காமல் இறைவனிடம் சொல்லி, மறுபக்கத்துக்கும் மனம் திறக்கும்படி கேட்க வேண்டும். அதன்பின் தாளை நான்காகப் பிரிக்க வேண்டும்: போனால் நன்மை, போனால் தீமை, போகாவிட்டால் நன்மை, போகாவிட்டால் தீமை. ஆக்கள் முதலாவதையும் நான்காவதையும் மட்டும் நிரப்பிவிட்டு எழும்பிவிடுவார்கள். ஒரே விடயத்தை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவிலுள்ள இரண்டும் வெறுமையாகக் கிடந்தால் தாள் முடியவில்லை என்று பொருள்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பதில்லை. எந்தப் பக்கத்து நியாயம் கனதியானது, அந்த நியாயம் இறைவனுக்கும் அயலானுக்கும் உரியதா, அல்லது ஊர் என்ன சொல்லும் என்பதா என்று பார்க்க வேண்டும். முடிவை எடுத்தபின் அதை இறைவன் முன் வைத்து உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முள் நடுவுக்கு வராவிட்டால் அவர் சொல்லும் உதவிகளும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வாய்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எதைச் செய்திருக்க விரும்புவாய்? கடைசித் தீர்வை நாளில்? முதலாவது கேள்வி இளைஞரிடம் நன்றாக வேலை செய்யும். மற்றவருக்குப் புத்தி சொல்ல எல்லாருக்கும் வரும்.

மானிப்பாய்ச் சந்தி

ஐயா, வறட்சி நேரத்தில முடிவை மாத்தக் கூடாது எண்டும் அவர் சொன்னவர்தானே?

சில்லாலை மரியான்

ஆம், ஆவிகளைப் பகுத்தறிய அவர் எழுதிய விதிகளில் ஐந்தாவது. வறட்சியில் இருக்கும்போது புதிய மாற்றம் செய்யக் கூடாது, முன்பு ஆறுதலில் எடுத்த தீர்மானத்திலேயே நிற்க வேண்டும். கூடச் செபிக்கலாம், தன்னை ஆராயலாம். தீர்மானத்தை மட்டும் தொடக் கூடாது. வறட்சிக்கு மூன்று காரணம் சொல்கிறார்: நமது அசட்டை, இறைவன் நம்மைச் சோதிப்பது, ஆறுதல் நமது சம்பாத்தியம் அல்ல என்று கற்பிப்பது.

களைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, வானதூதர் முதலில் கொடுத்தது அறிவுரை அல்ல, அப்பமும் தண்ணீரும். மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. "இங்கே உனக்கு என்ன வேலை" என்ற கேள்வி ஓரேபு மலையில்தான் வருகிறது. பரீட்சை மறுமொழி வந்த இரவு, செத்த வீட்டுக் கிழமை, காய்ச்சல் இவை முடிவெடுக்கும் நேரமல்ல.

இரகசியம் பற்றிய விதியும் உண்டு. தன் பேச்சு வெளியே தெரியவந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அஞ்சும் கள்ளக் காதலனுக்குச் சோதனைக்காரனை ஒப்பிடுகிறார். "ஒருவருக்கும் சொல்லாதேங்கோ, சொன்னால் தடைப்படும்" என்ற வார்த்தை எங்கிருந்து வந்தாலும், அதை முதலில் ஒரு குருவிடமோ நம்பிக்கையான மூத்தவரிடமோ சொல்லிவிட வேண்டும்.

வடலிக்கரை

நல்லா இருக்கு. "எனக்குள்ள சமாதானம் இருக்கு" எண்டு சொன்னால் என்ன செய்யிறது? கொலோசெயர் 3:15 காட்டுவினம்.

கரவெட்டி மாஸ்டர்

15ஐ முழுசா வாசிக்கச் சொல்லுங்கோ. "தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது", அதுக்கெண்டே ஒரே சரீரமா அழைக்கப்பட்டியள் எண்டு முடியுது. மேல இருக்கிறது ஒருத்தரை ஒருத்தர் தாங்கி மன்னிக்கிற கதை. ஆளுறது எண்டதுக்கு மூலத்தில இருக்கிற சொல்லு போட்டியில நடுவர் தீர்ப்புச் சொல்லுறது. சபைக்குள்ள பிணக்கு வந்தால் சமாதானம் நடுவரா இருக்கட்டும் எண்டதுதான் அங்க முதல் பொருள். தனியாளின்ர நெஞ்சுக்குள்ள வாற நிம்மதியை முத்திரையா எடுக்கிறதுக்கு எழுதின வசனம் இல்லை.

அரியாலைச் சகோதரி

மூலச் சொல்லில நீங்கள் சொல்லுறது சரி. ஆனா உள்ள சமாதானத்துக்கு மதிப்பே இல்லை எண்டு சொல்லாதேங்கோ மாஸ்டர். பிலிப்பியர் 4:7ல இருதயத்தைக் காக்கிற சமாதானம் இருக்கு. அது விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோட தெரிவிச்ச பிறகு வாறது. முடிவெடுத்துப்போட்டு வாற மனப்பாரக் குறைவு வேற. அது எந்த முடிவெடுத்தாலும் வரும், பிழையான முடிவெண்டாலும் வரும். யோனா கப்பலின்ர கீழ்த்தட்டில நல்ல நித்திரை.

கரவெட்டி மாஸ்டர்

ஒத்துக்கொள்ளுறன். யோனாவின்ர நித்திரையைப் பாடத்தில சேருங்கோ தம்பி.

பாசையூர்த் தோணி

கிதியோன் அடையாளம் கேட்டு விரிச்ச ஆட்டுத்தோலையும் ஆரும் கட்டாயம் கேப்பினம். நியாயாதிபதிகள் 6:36ல "நீர் சொன்னபடி" எண்டுதான் கிதியோன் தொடங்கிறார். சித்தம் தெரிஞ்சிருந்தது, தைரியம்தான் இல்லை. முதல் நாள் தோல் நனைஞ்சு தரை காய்ஞ்சு கிடந்தது, பிழிஞ்சால் ஒரு கிண்ணம் தண்ணி. மயிர்த்தோல் பனியை உறிஞ்சும், தரை விடிய வெயிலில காயும், அது இயற்கையா நடந்திருக்கவும் கூடும் எண்டு யோசிச்சிருப்பார் போல. அதால ரண்டாம் நாள் மாறிக் கேட்டார். கேக்கேக்கையே "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" எண்டு பயந்து பயந்துதான் கேட்டவர். ஆண்டவர் இரங்கினார் எண்டதுதான் அங்க செய்தி, எல்லாரும் தோல் விரியுங்கோ எண்டில்லை. "நாளைக்கு விடிய முதல் போன் அக்காவிட்ட இருந்து வந்தால் ஓம்" எண்டு கேக்கிறது அதிலும் கீழ.

மானிப்பாய்ச் சந்தி

ஆலோசனை கேக்கிற முறையும் சொல்லிக் குடுங்கோ. நீதிமொழிகள் 15:22ஐ எல்லாரும் சொல்லுவினம், ஆனா சாலொமோனின்ர மகன் ரெகொபெயாம் ராசாவும் ரண்டு கூட்டத்திட்ட ஆலோசனை கேட்டவர்தான். முதியவை சொன்னது பிடிக்கேல்லை எண்டு தன்னோட வளர்ந்த பெடியளிட்டக் கேட்டு, ராச்சியம் பிளந்தது.

மூண்டு பேர் போதும். வேதத்தில ஊறின ஒராள். அந்தக் காரியத்தைச் செய்து அனுபவப்பட்ட ஒராள், அதாவது போன வருசம் அந்த நாட்டில அந்தப் படிப்புக்குப் போய், வாடகையும் பகுதிநேர வேலையும் எப்பிடி எண்டு தெரிஞ்ச ஆள். எங்களை அறிஞ்சு, முகத்துக்கு நேர "உனக்கு உது சரிவராது" எண்டு சொல்லக்கூடிய ஒராள். மூண்டு பேருக்கும் ஒரே தகவலைக் குடுக்க வேணும். ஒராளுக்குக் கடனை மறைச்சுப்போட்டு வாங்கின ஆசீர்வாதம் செல்லாது. தனித்தனியக் கேக்க வேணும். ஒண்டா இருத்திக் கேட்டால் முதல் பேசினவரைத்தான் மற்ற ரண்டு பேரும் ஒத்து ஊதுவினம்.

கணக்கும் ஆவிக்குரிய காரியம்தான், லூக்கா 14:28ல கோபுரம் கட்டுறவன் முதலில உக்காந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். முப்பது இலட்சம் நூற்றுக்கு ரண்டு வட்டிக்கு எடுத்தால் மாசம் அறுபதாயிரம் வட்டி மட்டும், முதல் குறையாது. தகப்பன்ர காணியை ஈடு வச்சிருந்தால் காணி உறுதியில சகோதரியின்ர பெயரும் இருக்கோ எண்டு பாருங்கோ. இன்னொரு ஆளின்ர பங்கை வச்சு எடுக்கிற "விசுவாச அடி" விசுவாசம் இல்லை. வேலைக்கெண்டு போறவை முகவரின்ர அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில சரிபார்க்க வேணும். இது அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் நாற்பது நாள் உபவாசம் இருந்து பிரயோசனமில்லை.

வடலிக்கரை

காத்திருப்பு? "ஆண்டவருக்குக் காத்திருக்கிறன்" எண்டு சொல்லிச் சில பிள்ளையள் மூண்டு வருசமா ஒண்டும் செய்யாமல் இருக்கினம்.

சில்லாலை மரியான்

காத்திருப்புக்கு நல்ல உதாரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. புனித யோசவ்வாஸ் அடிகள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து, நோயோடு யாழ்ப்பாணம் சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போய், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் ஆக்களைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கிப் பணி செய்தார். வானத்திலிருந்து பெயர்ப்பட்டியல் வரவில்லை. இலங்கை மீது அழைப்பு இருந்தும் முதலில் கன்னடக் கரைப் பணிக்கு அனுப்பப்பட்டு, 1681 முதல் 1684 வரை அங்கே வேலை செய்தார். காத்திருந்த காலம் வெறும் காலமாகப் போகவில்லை. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கரவெட்டி மாஸ்டர்

எண்ணாகமம் 9ல வனாந்தரத்தில வழிகாட்டின மேகம் ரண்டு நாளோ, ஒரு மாதமோ, ஒரு வருசமோ நிண்டால் சனமும் நிண்டுது. நிண்ட நாளிலயும் மன்னா பொறுக்கினவை, ஆடு மேய்ச்சவை, கூடாரத்தை எந்த நேரமும் கழட்டக்கூடியதா வச்சிருந்தவை. இண்டைக்குத் தெரிஞ்ச கடமை செய்யாமல் கிடக்கிறதுக்குப் பேர் வேற.

கேக்கிற மனமும் முக்கியம். எரேமியா 42ல எருசலேம் விழுந்த பிறகு மிச்சமா நிண்ட சனம், நல்லதெண்டாலும் பொல்லாததெண்டாலும் கேப்பம் எண்டு சத்தியம் பண்ணி வழி கேக்குது. எரேமியா ஒரு கிழமை காத்திருந்து மறுமொழி சொல்லுறார்: நாட்டில இருங்கோ. உடனே "பொய் சொல்லுறாய்" எண்டினம். ஏனெண்டால் 41:17ல அவை முன்னமே எகிப்துக்குப் போற பாதையில வந்து இறங்கியாச்சு. பெட்டி கட்டினாப் பிறகு கேட்ட ஜெபம். போறது பாவம் எண்டு நான் சொல்ல வரேல்லை, ஆபிரகாமும் போனவர்தான். கேக்கேக்கை பெட்டி எங்க இருக்கு எண்டு பாருங்கோ.

காத்திருப்புக்குத் தேதி போடுங்கோ. "பங்குனி 31 வரைக்கும் இந்த மூண்டு பேரோட கதைப்பன், இந்த ரண்டு பத்திரத்தை எடுப்பன், அதுக்குப் பிறகு இருக்கிற வெளிச்சத்தில முடிவு." தேதி இல்லாட்டிப் பயத்துக்குப் பக்தி எண்டு பேர் வச்சுக்கொண்டு இருக்கலாம்.

பாசையூர்த் தோணி

தேதி போட நேரமில்லாத முடிவும் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனம் ஒரேயடியா இடம்பெயர்ந்தப்ப, நாலு கட்டம் போட்டுப் பார்க்க ஆருக்கும் நேரம் இருந்ததோ?

கரவெட்டி மாஸ்டர்

சரியான கேள்வி. நெகேமியா 2:4. எருசலேமைத் திருப்பிக் கட்டப் போக வேணும் எண்ட பாரத்தோட நிண்ட நெகேமியாவிட்ட ராசா "உனக்கு என்ன வேணும்" எண்டு கேக்கிறான். கேள்விக்கும் மறுமொழிக்கும் நடுவில ஒரு மூச்சு நேரம், அதுக்குள்ள பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம். ஆனா முதலாம் அதிகாரம் கிஸ்லேவ் மாதத்தில தொடங்குது, ரண்டாம் அதிகாரம் நிசான். நாலு மாத உபவாசம் அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால நிக்குது. வாய் திறந்தவுடன ஆளுநர்மாருக்குக் கடிதம், வாசலுக்கு மரம், போய்வர இவ்வளவு காலம் எண்டு எல்லாம் கணக்கா வருது. அவசர நேரத்தில புது ஞானம் தேட நேரமில்லை. பழகின பழக்கம்தான் கையில வரும். அப்பிடி நேரத்தில எடுத்த முடிவைப் பிறகு குற்றமாத் தோண்டிக்கொண்டும் இருக்கக் கூடாது.

அரியாலைச் சகோதரி

முடிவு பிழைச்சால் என்ன செய்யிறது எண்டதையும் வையுங்கோ. பிள்ளையள் பயப்பிடுறது அதுக்குத்தான்: ஒரு திருப்பத்தில பிழைச்சால் ஆயுசு முழுக்கத் தேவ சித்தத்துக்கு வெளியில எண்டு நினைக்கினம்.

யோசுவா 9. கிபியோனியர் பூசணம் பிடிச்ச அப்பத்தையும் பழைய சப்பாத்தையும் காட்டி, தூர தேசத்து ஆக்கள் எண்டு ஏமாத்தினம். இஸ்ரவேலர் "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" உடன்படிக்கை பண்ணிச்சினம். தெளிவான பிழை. ஆனா மூண்டு நாளில உண்மை தெரிஞ்ச பிறகும் ஆணையை முறிக்கேல்லை. பத்தாம் அதிகாரத்தில அதே கிபியோனியருக்காக யுத்தத்துக்குப் போகேக்கைதான் சூரியன் தரிச்சு நிண்டது. கட்டின கலியாணம், குடுத்த வாக்கு எண்டால் அதுக்குள்ள நிண்டு உண்மையா நடக்கிறதுதான் இப்ப சித்தம். விண்ணப்பம், வேலை, படிப்பு எண்டால் மாத்தலாம், வெட்கமில்லை.

பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடை. பித்தினியா, தடை. துரோவா மட்டும் நடந்து வந்த பிறகுதான் மக்கெதோனியத் தரிசனம். தரிசனம் கண்டது ஒராள், "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" எண்டு எழுதினது பன்மையில (16:10). போய்ச் சேர்ந்த பிலிப்பியில முதல் விசுவாசி லீதியாள், தியத்தீரா ஊர், அது தடைபட்ட அந்த ஆசியா நாட்டிலதான் இருக்கு. கொஞ்ச நாளில சிறைச்சாலை. பிறகு எபேசுவில ரண்டு வருசம் இருந்து ஆசியா முழுக்கக் கேக்கப் பண்ணினார் (19:10). தடை எண்டது சிலவேளை வரிசை மாத்தம் மட்டும்தான்.

வடலிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு தாளில போடுறன்: மேல ஒரே வாக்கியத்தில கேள்வி, நடுவில நாலு கட்டம், கீழ மூண்டு ஆலோசகர், பத்திரம், காசுக் கணக்கு, முடிவுத் தேதி. பின்பக்கம் எரேமியா 29:4 இல இருந்து 14 மட்டும், யோனா 1, அப்போஸ்தலர் 27.

மானிப்பாய்ச் சந்தி

ஆலோசகர் பெயருக்குப் பக்கத்தில "இவருக்கு இதால இலாபம் உண்டோ" எண்டு ஒரு சின்னப் பெட்டியும் போடுங்கோ.

அரியாலைச் சகோதரி

எரேமியா 42ஐயும் பின்பக்கத்தில சேருங்கோ. மாஸ்டர் "ஒரு கிழமை" எண்டு எழுதினது பிழை, பத்து நாள் (42:7).

கரவெட்டி மாஸ்டர்

ஓம், பத்து நாள். நினைவில எழுதினது. தாள் அச்சடிக்க முன்னம் திருத்துங்கோ தம்பி.